முப்பத்தைந்து சென்டும் அறுபத்து நான்கு மரங்களும்

உத்தனப்பள்ளியைத் தாண்டி மேற்கே திரும்பும் மண் பாதையில் இருந்தது அந்த நிலம். உள்ளே நுழைய வழி தேடி சுகுணா கால்மணி நேரம் வேலியோரமாகவே நடந்தாள். மொத்தம் முப்பத்தைந்து சென்ட். பாதைப் பக்கம் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அதற்குப் பின்னால் தைலமரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. தென்மேற்கு மூலையில் கல்கால் ஒன்று சாய்ந்திருந்த இடத்தில் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. கையிலிருந்த கொம்பால் தரையைத் தட்டிக்கொண்டே அதன் வழியாக நுழைந்தாள்.

நிலத்துக்காரர் சிங்கராயரும் அவர் மனைவி ஜெபசீலியும் அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துப் பின்னால் வந்தார்கள்.

"எத்தன வருசமா சார் இப்பிடியே கெடக்குது?"

"பதினேழு வருசம்னாங்க. பழைய ஓனர் பெங்களூர்ல இருக்காரு. வாங்கிப் போட்டதோட சரி, திரும்பிக்கூடப் பாக்கல."

சிங்கராயருக்கு வயது ஐம்பத்தெட்டு. வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தொன்பது வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவர். போன வருடம் அந்தப் பிரிவையே வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணத்தில் பாதி, ஜெபசீலியின் பேரில், இந்த நிலமாகியிருந்தது. மீதி வீடாக வேண்டும். ஜெபசீலி உதவிபெறும் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

சுகுணாவின் வேலை இந்த மாதிரி நிலத்தை வீடு கட்டும் பதத்துக்குக் கொண்டு வருவது. ஓசூரில் ஒரு மண்வேலைக் கான்ட்ராக்டரிடம் ஒன்பது வருடம் பில் எழுதினாள். எஸ்டிமேட்டில் ஒன்று சொல்லி, பில்லில் வேறொன்று எழுதி, கடைசியில் இரண்டு பக்கமும் சண்டை போடுவதை ஒன்பது வருடம் பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முன் பழைய ஜேசிபி ஒன்றைக் கடனில் வாங்கி சூளகிரியில் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். சிப்காட் வேலைகளெல்லாம் பத்து வண்டி வைத்திருப்பவர்களுக்குப் போகும். வீட்டு நிலம், தோட்டம், கோழிப்பண்ணை என்று சின்ன வேலைகள் அவளுக்கு வரும். கடந்த மூன்று வாரமாக அதுவும் வரவில்லை.

"மேடம், எனக்கு ஒரே நம்பர் வேணும்" என்றார் சிங்கராயர். "ஏறக்குறைய, சுமாரா, அந்தப் பேச்சே வேண்டாம். ஒருத்தர் ஃபோன்லயே தொண்ணூறாயிரம்னு சொல்லிட்டாரு."

"அவரு நெலத்தப் பாத்தாருங்களா?"

"போட்டோ அனுப்பிச்சேன்."

"போட்டோல மண்ணுக்கு மேல இருக்கறது தெரியும் சார். செலவு மண்ணுக்குக் கீழ இருக்குது."

ஜெபசீலி லேசாகச் சிரித்தாள்.

சுகுணா மரங்களை எண்ணத் தொடங்கினாள். எண்ணியதை மறுபடி எண்ணாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டினாள். நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றிப் பருமனைக் குறித்துக்கொண்டாள். மணிக்கட்டு அளவு இருப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது புதரோடு போய்விடும். அதைவிடப் பெரியதென்றால் வெட்ட ஆள் கூலி, தூரைப் பிடுங்க வண்டி மணி, குழியை மூட மண் என்று மூன்று செலவு. தைலம் இருபத்திரண்டு, வேம்பு பதினேழு, புங்கன் பதினொன்று, சீமைக்கருவேல் எட்டு, வாகை இரண்டு. வடக்கு எல்லையில் பெரிய புளியமரம் ஒன்று. மொத்தம் அறுபத்தொன்று.

புளியமரத்துக்கு அந்தப் பக்கம், வேலிக்கு உள்ளேயே, இன்னும் மூன்று மரங்கள் நின்றன. கருத்த சொரசொரப்பான பட்டை, சின்ன இலை, தொங்கலான கிளை. கீழே பறவை கொத்திப் போட்ட கருநீலப் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் அது என்ன மரமென்று சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்றும் சந்தனம். சுகுணா அவற்றைப் பார்த்தாள். துணி கட்டவில்லை. நோட்டில் எழுதவுமில்லை.

அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சூளகிரிக்குப் பக்கத்தில், பேங்கிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் நிலத்தில் கை பருமனில் ஒரு சந்தனக் கன்று இருந்தது. நல்ல மனதோடு சொன்னாள். மனிதர் பயந்துபோய் வேலையை அப்படியே நிறுத்திவிட்டார். எட்டு மாதம் ஆயிற்று. கடைசியில் வேறு ஆளை வைத்து முடித்துக்கொண்டார். அதிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். சந்தனத்தைத் தொடுவதில்லை, பேச்சிலும் எடுப்பதில்லை. சுற்றி வேலையை முடித்து, பணம் வாங்கிக் கிளம்பும்போது, "அந்த மூலையில இருக்கறத மட்டும் வெட்டிராதீங்க, ஃபாரஸ்ட்ல சொல்லிருங்க" என்று சொல்லிவிடலாம். இப்போது ஜேசிபிக்கு இரண்டு தவணை நின்றிருந்தது.

"யானை வருமாமே இங்க?" என்று ஜெபசீலி கேட்டாள்.

"ராகி அறுப்பு சமயத்துல சானமாவு காட்டுப் பக்கமிருந்து எறங்கும் டீச்சர். எல்லா வருசமும் இந்தப் பக்கம் வராது."

சிங்கராயர் பிளானை விரித்துக் காட்டினார். பாதையிலிருந்து இருபது அடி தள்ளி கிழக்கு பார்த்த வீடு, ஆயிரத்து நூறு சதுர அடி. சுகுணா அந்த இடத்தில் கடப்பாரையை நான்கு தடவை இறக்கிப் பார்த்தாள். நான்கு தடவையும் ஒன்றரை அடியில் நின்றுவிட்டது.

"வண்டியக் கொண்டாந்து அஞ்சு எடத்துல குழி எடுத்துப் பாக்கணும் சார். அரை நாள் வேல. நாலாயிரத்து ஐந்நூறு ஆவும்."

"எஸ்டிமேட்டுக்கே காசா?"

"கீழ என்னான்னு தெரியாம நான் எழுதுனா அது பொய்யி."

"டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல டெஸ்டுக்குத்தான எழுதறாங்க" என்று சொல்லிவிட்டு, ஜெபசீலி தன் கைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. ஓட்டுநர் திம்மராயன் தெலுங்குக்காரர். இருபது வருடமாக இந்தப் பக்கத்து மண்ணைத் தோண்டுகிறவர். பிளானில் வரவேற்பறை இருந்த இடத்தில் முதல் குழி. இரண்டடி இறங்கியதும் பக்கெட்டின் பல் கிறீச்சென்று இழுத்தது. திம்மராயன் இன்ஜினைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பண்டைம்மா. தனிக் கல்லு இல்ல. ஒரே பாறயா ஓடுது."

இரண்டாவது குழியிலும் பாறை. மூன்றாவதில் மூன்றடிக்குக் கீழே பாறை. பின்பக்கம், மரங்கள் அடர்ந்திருந்த மேற்கில் எடுத்த இரண்டு குழிகளில் ஆறடி வரை செம்மண்தான். சிங்கராயர் ஒவ்வொரு குழிக்குள்ளும் தன் டேப்பை விட்டு ஆழத்தைத் தானே அளந்து எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை சுகுணா எஸ்டிமேட்டைக் கொடுத்தாள். புதர் எடுக்கப் பதினெட்டாயிரத்து இருநூறு. பட்டியலிலுள்ள அறுபத்தொரு மரம் வெட்டக் கூலி நாற்பத்தைந்தாயிரம். தூர் பிடுங்க முப்பத்தொன்பதாயிரம். பாறை உடைக்க பிரேக்கர் வண்டி எண்பது மணி நேரம், ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். உடைத்ததை அள்ளிக்கொண்டு போய்க் கொட்ட எழுபத்திரண்டாயிரம். கிராவல் நிரப்ப ஒரு லட்சத்து ஐந்தாயிரம். வண்டி வர வழி போடப் பதினைந்தாயிரம். மொத்தம் நான்கு லட்சத்து எண்பத்தாறாயிரத்து இருநூறு. அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: பாறையின் ஆழத்தைப் பொறுத்து இது ஐந்து லட்சத்து அறுபதாயிரம் வரை போகலாம். வெட்டிய மரத்தை விறகுக்கு விற்றால் ஐம்பத்தைந்து, அறுபதாயிரம் வரும், அது நிலத்துக்காரருக்கே.

சிங்கராயர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நான் ஒதுக்குனது ஒண்ணர லட்சம்."

"வீட்டப் பின்னாடி தள்ளிக் கட்டுனா பாறைச் செலவு பூரா மிச்சம் சார்."

"பிளான் போட்டாச்சு. ரோட்டுல போறவனுக்கு வீடு தெரிய வேணாமா? காட்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறதுக்கா நான் வீடு கட்றேன்?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சனிக்கிழமை மதியம் ஃபோன் செய்தார். குரலில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது.

"மேடம், வேற ஆள் கெடச்சிட்டாரு. வெள்ளைச்சாமின்னு, ராயக்கோட்டைப் பக்கம் மர வியாபாரி. திங்கக்கெழம ஆரம்பிக்கறாரு. நீங்க செஞ்ச டெஸ்டுக்கு நன்றி."

"எவ்ளோக்குப் பேசுனீங்க சார்?"

"காசே வேண்டாமாம். மரத்த எடுத்துக்கிட்டு தூரயும் பிடுங்கித் தந்துடறாராம். அதுலயே ஒரு லட்சம் மிச்சம். பாறய அப்பறம் பாத்துக்கலாம்."

சுகுணா அலைபேசியை மேசையில் வைத்தாள். கணக்கு அவளுக்கு மனப்பாடம். விறகு அறுபதாயிரத்தைத் தாண்டாது. வெட்டவும் தூர் பிடுங்கவும் மட்டும் எண்பத்து நான்காயிரம் ஆகும். அதற்கு மேல் டிராக்டர் வாடகை. நாற்பதாயிரம் கைநட்டத்துக்கு மர வியாபாரி எவனும் வேலை செய்ய மாட்டான். அவன் எண்ணிய மரங்களில் அவள் எண்ணாத மூன்று இருந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த கணவன் விஜயகுமாரிடம் சொன்னாள். அவன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"உனக்கும் அவங்களுக்கும் பேச்சு முடிஞ்சி போச்சில்ல. நீ எதுக்கு நடுவுல போற?"

"வெட்டிட்டுப் போயிட்டா கேஸு அந்த வாத்தியாரம்மா மேலதான் வரும். நெலம் அவங்க பேர்ல இருக்குது."

"அப்ப மொதல் நாளே சொல்லியிருக்கலாமில்ல."

அவள் ஃபோனை எடுத்து சிங்கராயரின் எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். இதை ஃபோனில் சொல்ல முடியாது என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி ஓசூருக்குப் போனாள். இரண்டாவது மாடியில் வாடகை வீடு. ஜெபசீலி காப்பி கொண்டுவந்து வைத்தாள். சுகுணா அதைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று மரங்கள், புளியமரத்துக்குப் பின்னால். அனுமதி இல்லாமல் வெட்டினால் என்ன ஆகும். வெள்ளைச்சாமியின் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை.

அவள் முடித்ததும் சிங்கராயர் கேட்டார்.

"நீங்க எப்ப பாத்தீங்க?"

"மொத நாளே பாத்தேன் சார்."

"லிஸ்ட்ல அறுவத்தொண்ணுன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமாங்க. அது தப்புதான். சொன்னா நீங்க வேலைய நிறுத்திடுவீங்கன்னு சொல்லல. எனக்கு அந்த வேல தேவப்பட்டுச்சு."

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இருவத்தொம்பது வருசம் அடுத்தவன் செஞ்சதுல தப்பு கண்டுபிடிச்சே சம்பளம் வாங்கினவன் நான். என் சொந்த நெலத்துல என்னா நிக்குதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச ரெண்டு பேரும் சொல்லல. அந்தாளு எடுத்துக்கலாம்னு சொல்லல. நீங்க வேல போயிடும்னு சொல்லல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ஏங்க, அவங்க இன்னிக்கு வந்து சொல்லியிருக்காங்க" என்றாள் ஜெபசீலி.

"நேத்தி வரைக்கும் சொல்லலையே."

சுகுணா எழுந்தாள். வாசல் வரை வந்த ஜெபசீலி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"காலைல நீங்களும் வர முடியுமா? எங்களுக்கு அது எந்த மரம்னு அடையாளம் தெரியாது."

திங்கள்கிழமை ஏழு மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டிராக்டர் முன்பே வந்து நின்றிருந்தது. நான்கு ஆட்கள், இரண்டு மரம் அறுக்கும் மெஷின். நிலத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் ரோட்டுப் பக்கமிருந்துதான் தொடங்குவார்கள். இவர்கள் உண்ணிச்செடியை அப்படியே விட்டுவிட்டு, மூன்றடி அகலத்துக்கு ஒற்றை வழி வெட்டிக்கொண்டு நேராகப் புளியமரத்தை நோக்கிப் போயிருந்தார்கள். சுகுணா அதைச் சொல்ல வாய் திறந்தாள். சிங்கராயர் ஏற்கெனவே அந்த வழியையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு பேசாமல் இருந்தாள்.

வெள்ளைச்சாமி வெள்ளைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி எதிரே வந்தார்.

"வாங்க சார். சொன்ன நாளுக்கே வந்துட்டேன். பத்து நாள்ல மைதானம் மாதிரி ஆக்கிக் குடுத்துடறேன்."

சிங்கராயர் அவரைத் தாண்டிக்கொண்டு புளியமரத்துப் பக்கம் போனார். சுகுணா மூன்று மரங்களையும் கையால் தொட்டுக் காட்டினாள். ஜெபசீலி அருகில் போய்ப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். நடு மரத்தில் இடுப்பு உயரத்தில் அவள் விரல் நின்றது.

"இது என்ன, களிமண்ணு மாதிரி?"

சுகுணா நகத்தால் சுரண்டினாள். மண் உதிர்ந்தது. உள்ளே விரல் நுழையும் அளவுக்குத் துளை. உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா என்று துளையிட்டுப் பார்த்துவிட்டு மண்ணை வைத்து அடைத்திருந்தார்கள். மற்ற இரண்டிலும் அதே உயரத்தில் துளை இருந்தது.

"சந்தனமாங்களா?" என்றார் பின்னால் வந்து நின்ற வெள்ளைச்சாமி. "அன்னிக்குப் பாத்தப்ப நான் கவனிக்கலயே. இருந்தா இருந்துட்டுப் போவட்டும் சார். அத நான் தொட மாட்டேன்."

சிங்கராயர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். திட்டவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"நல்லது. இந்த மூணயும் விட்டுட்டு மத்த அறுவத்தொண்ண எடுத்துடுங்க. தூரோட. பேசுன மாதிரி காசு இல்லாம. ஒரு பேப்பர்ல எழுதித் தர்றேன், கையெழுத்து போடுங்க."

வெள்ளைச்சாமி மரங்களைப் பார்த்தார். தைலமரங்களை அப்போதுதான் முதல் தடவையாக எண்ணுவதுபோல் கண்ணை ஓட்டினார்.

"டிராக்டர்ல ஹைட்ராலிக் கொஞ்சம் மக்கர் பண்ணுது சார். சரி பண்ணிக்கிட்டு அடுத்த வாரம் வந்துடறேன்."

ஆட்கள் மெஷின்களை டிரெய்லரில் ஏற்றினார்கள். டிராக்டர் எந்தக் கோளாறும் இல்லாமல் மண்பாதையில் ஏறிப் போனது. அடுத்த வாரம் யாரும் வரவில்லை. துளை போட்டது அவர்தான் என்று சொல்லச் சாட்சியும் இல்லை.

அன்று மதியமே சிங்கராயர் வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். நான்கு நாள் கழித்து வனவர் ஒருவர் வந்து மூன்று மரங்களின் பருமனையும் உயரத்தையும் எடுத்தார். பட்டையில் பெயின்ட்டால் எண் போட்டார். துளைகளை ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

"வெட்டணும்னா மனு குடுங்க. நாங்களே எடுத்து வித்து, உங்க பங்கு வந்து சேரும். எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க. வேண்டாம்னா அப்பிடியே நிக்கட்டும். ஆனா காணாம போனா உடனே எங்களுக்குத் தெரியணும்."

இதையெல்லாம் ஜெபசீலிதான் ஃபோன் செய்து சுகுணாவிடம் சொன்னாள். சிங்கராயர் பேசவில்லை. சுகுணாவும் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஜேசிபியை நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு மாத வாடகைக்கு விட்டாள். மணிக்கு இருநூறு ரூபாய் குறைவு. ஒரு தவணையைக் கட்டினாள். இன்னொன்றுக்கு பேங்கிலிருந்து ஆள் வந்தார். விஜயகுமாரின் போனஸ் அதற்குப் போயிற்று. மகள் பிரியாவுக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன லேப்டாப் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போனது. புதிதாக வந்த எஸ்டிமேட்டுகளில் மரம் என்று நிற்கும் எல்லாவற்றையும் அவள் எழுதினாள். அதனால் ஒரு வேலை கைவிட்டுப் போகவும் செய்தது. அதற்காக அவள் சந்தோஷப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை.

தை மாதம் முதல் வாரத்தில் சிங்கராயர் சூளகிரிக்கு வந்தார். அவள் ஆபீஸ் என்று வைத்திருந்தது ஒரு டயர் கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பெரிய கிராஃப் தாளை மேசையில் விரித்தார். நிலம் முழுவதையும் அடி அடியாக அளந்து வரைந்திருந்தார். அறுபத்து நான்கு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் எண், மர வகை, பருமன். ஐந்து குழிகளின் ஆழம். பாறை ஓடும் இடத்தைப் பென்சிலால் சாய்கோடிட்டுக் காட்டியிருந்தார்.

"இதுக்கு மூணு மாசம் ஆச்சு" என்றார். "வாரத்துக்கு மூணு நாள் போய் உக்காந்து எடுத்தேன். பக்கத்து நெலத்து ராமப்பன் மரம் அடையாளம் சொன்னாரு."

"நல்லா இருக்குது சார்."

"நீங்க எழுதுனதுல ஒரு வேம்பு அது வேம்பே இல்ல. மல வேம்பு."

சுகுணா தாளை உற்றுப் பார்த்தாள். "ஆமாங்க."

வீட்டை நாற்பதடி பின்னால், தென்மேற்குப் பக்கம் தள்ளியிருந்தார். செம்மண் இருந்த இடம். அதற்காக இருபத்தாறு மரங்களை எடுத்தால் போதும். சந்தனம் மூன்றும் வீட்டின் வடக்கு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் வந்தன. பாறை இருந்த முன்பக்கத்தைத் தொடவே இல்லை.

"ரோட்டுல போறவனுக்கு வீடு தெரியாதே சார்" என்றாள் சுகுணா.

"அவனா கட்டித் தரப் போறான்." அவர் பேனாவை எடுத்தார். "எஸ்டிமேட் போடுங்க. ஒரே நம்பர் வேண்டாம். கொறஞ்சது எவ்ளோ, கூடுனா எவ்ளோ, எதனால கூடும். மூணும் எழுதுங்க."

"வேற யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேரும் நெலத்துக்குள்ள எறங்கல." பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "உங்க மேல கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. ஆனா தப்புன்னு ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான். ஃபேக்டரில நான் அப்பிடிப்பட்ட ஆளுங்க மிஷின்லதான் அடுத்த லாட்ட ஓட்டச் சொல்லுவேன்."

குறைந்தது இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம், கூடினால் இரண்டு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் என்று எழுதிக் கொடுத்தாள். கூடுவதற்குக் காரணமாகத் தூர்களின் ஆழத்தையும் மழையையும் சொல்லியிருந்தாள்.

மாசி பிறந்ததும் வேலை தொடங்கியது. மழை வரவில்லை. தூர்தான் காலை வாரியது. பெரிய வாகைமரத்தின் தூருக்கு இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாள். அதன் வேர் பக்கத்திலிருந்த வேம்பின் வேரோடு பின்னிக்கொண்டு கீழே போயிருந்தது. திம்மராயன் ஒரு பக்கம் தோண்டி, மறு பக்கம் தோண்டி, பக்கெட்டால் அசைத்து, இறங்கி வந்து பார்த்து, தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். ஏழரை மணி நேரம் ஆயிற்று. சிங்கராயர் அவ்வளவு நேரமும் வெயிலில் தொப்பியோடு நின்று ஆரம்பித்த நேரம், நிறுத்திய நேரம், டீசல் போட்ட நேரம் எல்லாவற்றையும் குறித்தார். சந்தன மரங்களைச் சுற்றி அவரே நான்கு கல்கால் நட்டுக் கம்பி கட்டியிருந்தார். திம்மராயன் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கம்பிக்கு முன்னால் போய்க் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டாவது நாள் பில் போட்டாள். இரண்டு லட்சத்து ஐம்பத்தோராயிரத்து முந்நூறு. அவள் சொன்ன மேல் எல்லையைவிட ஆறாயிரத்து முந்நூறு அதிகம். சிங்கராயர் தன் நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"வாகைக்கு ஏழு மணின்னு போட்டிருக்கீங்க. ஏழர ஓடுச்சு."

"அரை மணி பக்கெட் பின்னு கழண்டு மாட்டுனதுங்க. அது என் வண்டி ரிப்பேரு. உங்க கணக்குல வராது."

அவர் நோட்டில் ஏதோ திருத்திக்கொண்டார். பிறகு முழுத் தொகையையும் அங்கேயே நின்று அலைபேசியில் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று கேட்டார். வந்துவிட்டதென்று அவள் சொன்னதும் தலையை ஆட்டினார்.

சீரான செம்மண் தரையில் மேஸ்திரி முனிவேல் கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் வீட்டைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அன்று பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த ஜெபசீலி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குள் நடந்தாள். இது சமையல், இது படுக்கை அறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வடக்குப் பக்கம் ஜன்னல் வரப்போகும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஏங்க, சமையல ரெண்டடி இந்தப் பக்கம் இழுத்தா என்னா?"

"பிளான் போட்டாச்சு ஜெபா."

"போன பிளானும் போட்டாச்சுன்னுதான் சொன்னீங்க."

சிங்கராயர் டேப்பின் ஒரு முனையை முனிவேலிடம் கொடுத்து மூலைக்கு மூலை அளந்தார். ஒரு குறுக்களவு மற்றதைவிட அரை அங்குலம் கூட இருந்தது. கோட்டை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். முனிவேல் சுகுணாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

மூன்று மணிக்குள் வண்டி நாகரசம்பட்டிக் கோழிப்பண்ணைக்குப் போயாக வேண்டும். சுகுணா போய் வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திம்மராயனுக்குக் கையைக் காட்டினாள். அவர் இன்ஜினை முடுக்கினார்.